அந்த எஸ்டிமேட்டை முதலில் படி

அன்புள்ள கவிதா,

கலிபோர்னியாவில் உன் முதல் ஜூரி வழக்கே பிரிவு 594, அதாவது பிறர் சொத்தைச் சேதப்படுத்தும் குற்றம். பக்கத்து வீட்டுக் கார் கதவைச் சாவியால் கீறினார் என்பது குற்றச்சாட்டு. சந்தில் தள்ளிக்கொண்டு போன சைக்கிள் உரசிவிட்டது என்கிறார் உன் கட்சிக்காரர். நிறைவுரையை எழுத உட்காருவதற்கு முன் பாடி ஷாப் கொடுத்த எஸ்டிமேட்டைக் கையில் எடு. வழக்கில் பாதி அந்தத் தாளில்தான் இருக்கிறது.

சேதம் 400 டாலரைத் தொட்டால் அரசுத் தரப்பு ஃபெலனியாகவே, அதாவது கடுங்குற்றமாகவே, வழக்கை நடத்தலாம். தொடாவிட்டால் மிஸ்டிமீனர் என்ற சிறு குற்றம்தான். தொகையையும் ஜூரிதான், 12 பேரும் ஒருமனதாக, முடிவு செய்ய வேண்டும். அதற்கென்றே, ஜூரிக்கு நீதிபதி படித்துக்காட்டும் கால்கிரிம் தொகுப்பில் 2901 என்ற தனி அறிவுறுத்தல் உண்டு. தீர்ப்புப் படிவத்தில் அது தனிக் கேள்வியாக வந்திருக்கிறதா என்று பார்.

எஸ்டிமேட்டை வரி வரியாகப் படி. கீறல் ஒரு கதவில். ஆனால் நிறம் பொருந்துவதற்காக ஃபெண்டருக்கும் பின்கதவுக்கும் பெயின்ட் கூலி சேர்ந்திருக்கும். மெட்டாலிக் நிறத்துக்கு அது நியாயமான செலவுதான், அதில் சண்டைக்குப் போகாதே. கீறலில் நகம் சிக்குகிறதா என்று கேள். சிக்காவிட்டால் பாலிஷ் போட்டே போக்கிவிடலாம், தொகை பாதாளத்துக்கு இறங்கும். பழைய ஒடுக்கு, கதவின் அடிவிளிம்புத் துரு இவையெல்லாம் கணக்கில் நுழைந்திருக்கிறதா என்பதைச் சம்பவத்துக்கு முந்தைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்.

எழுதியவர் சாட்சிக் கூண்டுக்கு வராமல் அந்தத் தாள் மட்டும் வந்தால் அது செவிவழிச் சாட்சியம். அந்த நொடியே எழுந்து ஆட்சேபி. அப்போது விட்டுவிட்டால் மேல்முறையீட்டில் பேச முடியாது. 2017இல் கைல் டி. என்ற சிறார் வழக்கில், சுவர்க் கிறுக்கலை அழிக்க ஆகும் செலவென்று ஒரு பொதுவான விலைப்பட்டியலைத்தான் காட்டினார்கள். 400 டாலரை நிரூபிக்க அது போதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது உள்நோக்கம். வேண்டுமென்றே தவறு செய்திருக்க வேண்டும், அல்லது ஒருவரை எரிச்சலூட்டவோ துன்புறுத்தவோ நினைத்திருக்க வேண்டும். வெறும் கவனக்குறைவு இந்தப் பிரிவுக்குள் வராது. ஆகவே ஹேண்டில்பார் தரையிலிருந்து எத்தனை அங்குலம், கீறல் எத்தனை அங்குலம், சந்தின் அகலம் என்ன என்று அளந்து படமெடுக்கச் சொல். நீயே டேப்பைப் பிடிக்காதே. அளந்தவர் சாட்சி சொல்ல வேண்டிவரும், வழக்கறிஞரே சாட்சியானால் வழக்கு சிக்கலாகிவிடும். புலனாய்வாளரை அனுப்பு.

“அவர் அங்கேயே இல்லை” என்று ஒரு வாதம், “இருந்தார், தெரியாமல் உரசியது” என்று இன்னொன்று. தயவுசெய்து இரண்டையும் சேர்த்து வைக்காதே. ஜூரி இரண்டையுமே நம்பாது. “அது விபத்து”, “வேண்டுமென்றே கீறினார் என்று வைத்துக்கொண்டாலும் சேதம் 400 டாலர் வராது”: இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.

ஜூரித் தேர்வில், சொந்த வண்டியை யாராவது கீறிய அனுபவம் உண்டா என்று கேள். கை தூக்கியவரை உடனே ஒதுக்காமல், பழுதுபார்க்க எவ்வளவு ஆனது என்று பேசவிடு. பாலிஷிலேயே சரியானது என்று ஒருவர் சொன்னால் பெயரைக் குறித்துக்கொள்.

அரசுத் தரப்பு சாட்சியம் முடிந்ததும், ஜூரி வெளியே இருக்கும்போது சாட்சியம் போதாது, விடுவியுங்கள் என்று கேட்கும் 1118.1 மனுவைப் போட மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் சீனியர்