பச்சோந்தியோடு அந்தச் சிவப்பு பல்பையும் கொடுத்து அனுப்பாதீர்கள்

டொரொன்டோ பகுதியில் பச்சோந்தி விற்கும் செல்லப்பிராணிக் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். ஸ்கார்பரோவில் வாங்க வருபவர்களிலும் தமிழர்கள் உண்டு, கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர்களிலும் உண்டு. அவர்கள் வழியாகவாவது இது உங்களிடம் வந்து சேரட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், உங்களுடையதைப் போன்ற ஒரு கடையில் என் மகளுக்கு ஒரு யேமன் பச்சோந்திக் குட்டி வாங்கினேன். கூடவே ஒரு செட்டும் தந்தார்கள்: வலைக்கூண்டு, சுருள் வடிவ யூவி (புறஊதா) பல்பு ஒன்று, இரவுச் சூட்டுக்கு என்று ஒரு சிவப்பு பல்பு. "எல்லாமே இதுல இருக்கு அண்ணா" என்றார் விற்ற தம்பி. அவரும் அதை நம்பித்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

மே மாதம் அது கிளையைப் பற்ற முடியாமல் முன்னங்கால் மணிக்கட்டை ஊன்றி நடந்தது. நாக்கை வீசியும் பூச்சியை எட்டவில்லை. ஊர்வன பார்க்கும் மருத்துவர் தாடையை விரலால் மெல்லத் தொட்டார். ரப்பர் போல அமுங்கியது. தினமும் பூச்சிமேல் கால்சியம் தூள் தூவித்தானே கொடுத்தேன் என்று மகள் அழுதாள். அதற்கு அவர் கேட்டது ஒரே கேள்வி: "என்ன லைட் வைத்திருக்கிறீர்கள்?"

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. புறஊதா ஒளியில் யூவிபி என்கிற பகுதி தோலில் பட்டால்தான் பச்சோந்தியின் உடம்பு போதுமான வைட்டமின் டி3 உண்டாக்கும். டி3 இல்லையென்றால் தின்ற கால்சியம் குடலிலிருந்து உடம்பில் சேராது. உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கத் தொடங்கிவிடும். சுருள் பல்பு கொடுக்கும் யூவிபி ஒரு கையகல இடத்தில் மட்டும் விழும். கொஞ்சம் தள்ளிப் போனால் பேருக்குத்தான் இருக்கும். கூண்டின் மேல்வலையும் அதில் ஒரு பங்கைத் தடுத்துவிடும். ஜன்னலோரம் வெயில் வருகிறதே என்று அங்கே கொண்டுபோய் வைத்தோம். கண்ணாடியைத் தாண்டி யூவிபி அனேகமாக வருவதே இல்லை.

வேண்டியது கூண்டின் அகலத்துக்கு நீளும், யூவிபி தரும் டி5 எச்ஓ (மெல்லிய, வலுவான வகை) குழல்விளக்கு, பின்னால் ஒளியைக் கீழே திருப்பும் ரிஃப்ளெக்டரோடு. உச்சிக்கிளையை அதற்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் கீழே கட்டி, பச்சோந்தியின் முதுகு இருக்கும் உயரத்தில் யூவி இன்டெக்ஸ் (புறஊதா ஒளியின் வலிமையைச் சொல்லும் எண்) 3 வாக்கில் வந்தால் போதும். கீழே அடர்ந்த இலை நிழலும் இருக்க வேண்டும், ஏனென்றால் எவ்வளவு வெயில் வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. ஆய்வாளர் ஃபெர்குசனும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003-இல் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளை வைத்து இதைக் காட்டினார்கள்: உணவில் டி3 குறைந்தவை தாமாகவே கூடுதல் நேரம் யூவி வெளிச்சத்துக்கு வந்தன. இவ்வளவு தெரிந்த பிராணிக்கு நாம் வெளிச்சத்தையும் நிழலையும் ஒழுங்காகக் கொடுத்தாலே போதும்.

சூட்டுக்கு வருகிறேன். நான் ஊரில் வேலியோரப் பச்சோந்திகளைப் பார்த்து வளர்ந்தவன். (அங்கே அதைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு இந்திய வனவிலங்குச் சட்டப்படி குற்றம்; இதைப் படித்துவிட்டு யாரும் வேலிப்பக்கம் போக வேண்டாம்.) காலையில் அது உடம்பைக் கறுப்பாக்கி, விலாவைத் தட்டையாக விரித்து, வெயில் பக்கம் திருப்பி வைத்திருக்கும். சூடேறியதும் நிறம் வெளுத்து இலைக்குள் போய்விடும். கூண்டிலும் அதே அடையாளம்தான். நாள் முழுக்கக் கறுத்து பல்பின் கீழேயே கிடந்தால் சூடு போதவில்லை. வெளுத்து வாயைத் திறந்து வைத்திருந்தால் சூடு அதிகம்.

வளர்ந்த ஆணுக்கு வெயில்காயும் கிளையில் 29, 30 டிகிரி செல்சியஸ் போதும். பெண்ணுக்கு 27 அளவில் நிறுத்துவது நல்லது, அதிகச் சூடும் அதிகத் தீனியும் சேர்ந்தால் முட்டை அளவுக்கு மீறிப் பெருகி அதன் உடம்பைக் கரைத்துவிடும். அளக்கும்போது கிளையை மட்டும் அளக்காதீர்கள். யேமன் பச்சோந்தியின் தலைக்கொண்டை பல்புக்கு இன்னும் நெருக்கத்தில் இருக்கிறது, அங்கே தீப்புண் வரும். சூடு எப்போதும் மேலிருந்துதான் வர வேண்டும்; கீழே வைக்கும் சூட்டுக்கல்லை இதற்கு விற்கவே வேண்டாம்.

அப்புறம் அந்தச் சிவப்பு பல்பு. பச்சோந்திக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியும். இரவெல்லாம் அதன் கீழே நிம்மதியாகத் தூங்க முடியாது. யேமன் மலைச்சரிவுகளில் இரவு குளிர்ந்துவிடும், அதற்குப் பழகிய உயிர் இது. வெளியே பனி கொட்டினாலும் நம் வீட்டுக்குள் இரவில் 18 டிகிரி இருக்கிறதே, அதுவே அதற்குப் போதும். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் கும்மிருட்டு, ஒரு டைமர். இரவுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த செட்டிலிருந்து சுருள் பல்பையும் சிவப்பு பல்பையும் எடுத்துவிட்டு, குழல்விளக்கையும் ஒரு டைமரையும் வையுங்கள். விலை கூடும், சரி. கூடினால் சிலர் வாங்காமல் போகட்டும், அப்படிப் போவதில் அந்தக் குட்டிக்கு நட்டம் ஒன்றும் இல்லை. குழலை விற்கும்போது அதன் முனையில் மார்க்கரால் தேதி எழுதிக் கொடுங்கள். கண்ணுக்கு வெளிச்சம் அப்படியே தெரியும், ஆனால் யூவிபி ஓர் ஆண்டில் வெகுவாகக் குறைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. சோலார்மீட்டர் 6.5 என்கிற யூவி அளவி ஒவ்வொரு குடும்பமும் வாங்கக் கூடியதல்ல. கடைக்கு ஒன்று வைத்து, முன்பணம் வாங்கிக்கொண்டு வார இறுதிக்கு இரவல் கொடுக்கலாமே? எந்தக் கடை செய்கிறதோ, அந்தக் கடைக்குத் தெரிந்தவர்களையெல்லாம் நானே அனுப்புகிறேன்.

எங்கள் பச்சோந்தி பிழைத்துக்கொண்டது. வளைந்த கால் நிமிரவில்லை. அதனால் தவறி விழாதபடி மெல்லிய கிளைகளை நெருக்கி நெருக்கிக் கட்டியிருக்கிறாள் என் மகள். காலை ஏழு மணிக்கு டைமர் விளக்கைப் போட்டதும் அது இன்னும் கறுத்த விலாவைத் திருப்பிக் காட்டுகிறது.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாடிக்கையாளர்