மேனேஜர் கடைசியில்தான்

அன்புள்ள முரளி,

மூணு மாசமா பதில் போடல, திட்டிக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம்.

எல்லாரும் நல்லா இருக்கணும்னு நினைக்கிற மைத்ரி தியானத்துல உட்கார்ந்தா மேனேஜர் முகம் வந்து கோபம் இன்னும் ஏறுதுன்னு எழுதியிருந்தே. ஏறத்தான்டா செய்யும்! எடுத்த எடுப்புல அவர்கிட்டயா போவாங்க? 5-ஆம் நூற்றாண்டுல இலங்கை அனுராதபுரத்துல புத்தகோசர்ங்கிற பௌத்தத் துறவி எழுதின விசுத்திமக்கம்ங்கிற நூலே இதை வேண்டாம்னு சொல்லுது. பகையாளியை நினைச்சா கோபம் கிளம்பும். உயிர் நண்பனும் முதல்ல கூடாது. அவனுக்குச் சின்னதா ஒண்ணு ஆனாலே அழுகை வந்துடும். பிரியமானவங்களை நினைன்னு சொன்னதைக் கேட்டு ஒருத்தன் பெண்டாட்டியை நினைச்சு உட்கார்ந்தான். அவகிட்டப் போகணும்னு ஆசை கிளம்பி ராத்திரி பூரா சுவரோட மல்லுக்கட்டினான். மைத்ரிக்கு வெறுப்பு தூரத்து எதிரி. ஆசைதான் பக்கத்து எதிரி, அன்பு மாதிரியே இருக்கும்.

முதல்ல உன்னையே நினை: ‘நான் நலமா இருக்கணும், பகை இல்லாம இருக்கணும்.’ அப்புறம் நீ மதிக்கிற பெரியவர், நண்பன், விருப்பு வெறுப்பு இல்லாத யாரோ ஒருத்தர், கடைசியில மேனேஜர். ஒருத்தர்கிட்ட மனசு இளகின பிறகுதான் அடுத்தவர். கோபம் வந்தா முந்தின ஆள்கிட்டத் திரும்பு. அப்பவும் அடங்கலையா? அவரைப் பிரிச்சுப் பார்: எதுமேல கோபம், தலைமுடி மேலயா, நகத்து மேலயா?

கோபம் பிடிச்சிருக்கிறப்போ மனசு அதுக்குச் சாதகமானதை மட்டும்தான் உள்ள விடும்னு உளவியலாளர் பால் எக்மன் சொல்றார். அதனால மீட்டிங்ல வச்சு இதைச் செய்யாதே, காலையில அமைதியா இருக்கிறப்போ செய். 2000 மார்ச்சுல தர்மசாலாவுல தலாய் லாமாவோட உட்கார்ந்து இதையெல்லாம் பேசினவர் அவர். தடையை விலக்கக் கோபம் உதவும்னு உளவியல்காரங்க நினைக்கிறாங்க. பௌத்தத்துல துவேஷம், அதாவது கோபமும் வெறுப்பும், மனசைக் கெடுக்கிற மூணு விஷத்துல ஒண்ணு. இதுல நான் பௌத்தர்கள் பக்கம். அநியாயத்தை எதிர்த்துப் புகார் எழுது, கண்டிப்பா எழுது. ஆனா சூடு ஆறினப்புறம் எழுதினாத்தான் என்ன நடந்ததுன்னு சரியா வரும்.

எதுவும் பலிக்கலைன்னா, யார் மேல கோபமோ அவருக்கே ஏதாவது கொடுத்துடுங்கிறார் புத்தகோசர். சித்தலபப்பத விகாரையில தன்னை மூணு தடவை இடத்தை விட்டு எழுப்பின மூத்த பிக்குவுக்கு, தன் அம்மா கொடுத்த, எட்டு கஹாபணம் (அந்தக் காலத்துக் காசு) பெறுமான பாத்திரத்தை ஒரு பிக்கு கொடுத்தார். வாங்கினவர் கோபமும் தணிஞ்சது.

பெரியவர்னதும் உனக்குச் சோமு சார்தான் ஞாபகம் வருவார். வேண்டாம்டா. இறந்தவங்களை வச்சு தியானம் கூடாதுன்னும் அதே நூல்ல இருக்கு. உங்க பெரியப்பாவை எடுத்துக்கோ.

உன்
சேகர்