அந்தப் படங்களை நான் அழிக்கப் போவதில்லை, அக்கா

அக்கா,

முடியாது. யோசித்துப் பார்த்தேன், கோபம் ஆறட்டும் என்று சில வாரம் பேசாமல் இருந்தும் பார்த்தேன். பதில் மாறவில்லை. அழிக்கச் சொல்லி நீ அனுப்பிய பட்டியலில் உள்ள ஒரு படத்தைக்கூட நான் தொடப்போவதில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் அக்ரிலிக்கில் வரைந்த உன் பழைய 'பிளாஸ்டிக்' ஓவியங்கள் இந்த ஆண்டோடு உலகில் இருக்காது என்று எல்லோருக்கும் அறிவித்தது நீ. அன்றிலிருந்து உன் படங்களை வாங்கியவர்கள் என்னைக் கேட்கிறார்கள், எங்கள் வீட்டில் இருப்பதையும் எரித்துவிட வேண்டுமா என்று. ஒருவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். நாலு பேர் பார்க்கப் பேசுவதற்கு மன்னித்துக்கொள். தொடங்கியது நானில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

உன் வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. அக்ரிலிக் வண்ணத்தில் நிறமியைப் பிடித்துவைத்திருப்பது பாலிமர், அதாவது ஒருவகை பிளாஸ்டிக். தூரிகை கழுவிய தண்ணீரை வடிகாலில் ஊற்றினால் அது மைக்ரோபிளாஸ்டிக்காக ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேரும். அதனால்தானே அந்தத் தண்ணீரை எல்லாம் வாளியில் தேக்கி, அலுமினியம் சல்பேட்டும் நீர்த்த சுண்ணாம்பும் போட்டு, கசடு திரண்டு அடியில் இறங்கும்வரை வைத்திருந்து வடிகட்டினோம்? 'வடிகட்டினோம்' என்று பன்மையில் எழுதுவது உன்மேல் உள்ள மரியாதையால். நீ அடுத்த கடற்கரையை வரையக் கிளம்பிப் போயிருப்பாய். வாளியோடு இருந்தது நான்.

சரி, அது ஈரமாக இருந்தபோது. காய்ந்து, பலகையோடு பலகையாக ஒட்டி, சுவரில் தொங்குகிற படம் எப்படிக் கடலுக்குப் போகும்? எரித்தால் புகையாகப் போகும். சுரண்டினால், கிழித்தால், துகளாகப் போகும். சும்மா விட்டால் எங்கும் போகாது. எது நடந்துவிடுமோ என்று பயப்படுகிறாயோ, அதை நடத்துவதற்கான வழியைத்தான் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறாய்.

ஆனால் இது கணக்கு விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். பட்டியலில் முதலில் இருப்பது பச்சை அலை. அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

அதை வரைந்த மாலையை நீ பல மேடைகளில் சொல்லிவிட்டாய். உன் பக்கத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். டார்ச் பிடித்தவன் பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன்.

சூரியன் அலைக்குப் பின்னால் இருந்தது. அலை எழும்பி, முகடு மெலிந்து, உடையப் போகிற அந்த ஒரு நொடியில் மட்டும் வெளிச்சம் தண்ணீருக்குள் புகுந்து பச்சையாக வெளியே வரும். அதைப் பிடிக்கத்தான் நீ நெடுநாளாகத் திணறிக்கொண்டிருந்தாய். சொல்லித்தர யாருமில்லை. ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கி 1850-இல் வரைந்த 'ஒன்பதாவது அலை'யின் மங்கலான அச்சுப்படி ஒன்றுதான் உன் பள்ளிக்கூடம். அந்த அலைக்குள் வெளிச்சம் எங்கே நுழைகிறது என்று அதை விரலால் தடவித் தடவிப் பார்ப்பாய். ஓடுகிற அலையைப் பார்த்துக்கொண்டே வரைய முடியாது, நினைவிலிருந்துதான் வரைய வேண்டும் என்பது அவர் கட்சி. நீ அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கரையிலேயே நின்றாய். தாலோ நீலத்தை ஊசிமுனை அளவு தொட்டாலே மற்ற நிறத்தை எல்லாம் விழுங்கிவிடுகிறது என்று திட்டிக்கொண்டே, மெல்லிய பூச்சுக்குமேல் மெல்லிய பூச்சாக ஏற்றினாய். காற்றில் ஒவ்வொரு பூச்சும் சில நிமிடங்களில் காய்ந்தது. எண்ணெய் வண்ணமாக இருந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் வெளிச்சம் போயிருக்கும், நாம் தங்கியிருந்த அறையும் கையைவிட்டுப் போயிருக்கும். அந்தப் படம் பிறந்தது அக்ரிலிக்கால். மேடையில் நீ இதை மட்டும் சொல்வதே இல்லை.

வரைந்து முடித்ததும் வண்ணத்தட்டில் காய்ந்திருந்த படலத்தை உரித்தாய். பாம்புச் சட்டை மாதிரி ஒரே துண்டாக வரும், அதை உரிப்பதில் உனக்கு அப்படி ஒரு குஷி. அன்று பாதி உரிக்கும்போதே காற்று பிடுங்கிக்கொண்டது. பாறையில் அறைந்து, கிழிந்து, அலை ஒதுக்கிய குப்பைக் கோடு முழுக்கச் சிதறியது. நீ அப்படியே முழங்காலில் இறங்கிவிட்டாய்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் நீ நிமிரவே இல்லை. இருட்டத் தொடங்கியதும் டார்ச்சை எடுத்தேன். அந்தக் கோட்டில் சிப்பித் துண்டுகள், வலை நூல், பாட்டில் மூடி, தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாஸ்டிக் குருணை எல்லாம் கலந்து கிடந்தன. எது உன் வண்ணம், எது சிப்பி என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னாய்: வளைந்தால் வண்ணம், உடைந்தால் சிப்பி. அழுத்திப் பார்த்தேன். வளைந்தவற்றில் பாதி உன்னுடையவை அல்ல. ஏதோ படகின் பூச்சு, ஏதோ வாளியின் விளிம்பு. "அதையும் போடு" என்று பையை நீட்டினாய். கடைசி பஸ் போய்விடும் என்றேன். "நீ போ" என்றாய். போகவில்லை. தண்ணீர் ஏறி வந்து நாம் தேடிய இடத்தை மூடும்வரை நின்றோம்.

நீ அன்று அழுதாயா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அதை இங்கே சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மேடைக் கதையில் நீ தனியாக இருக்கிறாய், நிலா வெளிச்சத்தில் தேடுகிறாய். அன்று நிலா இல்லை, அக்கா. என் டார்ச்தான் இருந்தது.

சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிகிறதா? தெரியட்டும். சட்டம் போட்டு, மூலைகளுக்கு அட்டை வைத்து, உன் படங்களைக் கட்டி அனுப்பிய கைக்கு அந்தக் கதையில் ஒரு ஓரத்தில்கூட இடமில்லாமல் போனது கொஞ்சம் உறுத்துகிறது. போகட்டும்.

அதற்குப் பிறகு நீ மண் வண்ணங்களுக்கு மாறினாய். காவி, விளக்குக் கரி, மஞ்சிட்டி வேரின் சிவப்பு, அவுரிச் செடியின் நீலம், ஒட்டவைக்க வேலம்பிசின். கைகள் நாள் முழுக்கக் கறையாக இருந்தன. முகத்தில் வெகுநாள் பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது. அந்தக் காவி நிறப் பாறைகளை நீ வரைந்தபோது, இவற்றை வேறு எதனாலும் வரைந்திருக்க முடியாது என்று நினைத்தேன். காவி மண் வெளுக்காது. குகைச் சுவர்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நிற்கிறது.

கடல்தான் சிக்கல். கடலை வரைகிறவளுக்கு மண்ணில் நல்ல நீலம் கிடைப்பதில்லை. நீல நிறமி தரும் லாபிஸ் கல் ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலைகளை உடைத்து எடுக்கப்படுவது என்று அதை ஒதுக்கினாய். கோபால்ட் சுரங்கங்களில் ஆட்கள் படும் பாடு தெரிந்து கோபால்ட் நீலத்தையும் ஒதுக்கினாய். மிஞ்சியது அவுரி. மெல்லிய கழுவலாகப் பூசிய அவுரி வெளிச்சத்தில் வெளுக்கும் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் விற்றாய். ஜன்னலுக்கு எதிரே மாட்டியவர் ஒருவர், கடல் இருந்த இடத்தில் சாம்பல் கறைதான் இருக்கிறது என்று எனக்கு எழுதினார். உனக்கு அல்ல, எனக்கு. பதில் சொன்னதும் பணத்தைத் திருப்பித் தந்ததும் நான்.

அதை உன்னிடம் சொன்னபோது நீ சொன்ன பதில் நினைவிருக்கிறதா? பவளப்பாறை வெளுக்கும்போது யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை, படமும் கடலோடு சேர்ந்து வெளுக்கட்டும் என்றாய். அழகான வாக்கியம். அன்றைக்கு வாயடைத்துப் போனேன். இப்போது பதில் இருக்கிறது. தண்ணீர் சூடேறும்போது பவளம் தன் திசுக்களில் வாழும் பாசியை வெளியேற்றுகிறது, அதனால் வெளுக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைத்துக்கொள்ளும். அவுரி திரும்பி வராது. நீ ஒப்பிட்ட இரண்டும் ஒன்றல்ல.

இயற்கையிலிருந்து வந்ததெல்லாம் கடலுக்கு நல்லது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பழங்கால ராஜாக்களின் ஊதா எங்கிருந்து வந்தது? 1909-இல் பால் ஃபிரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 கடல் நத்தைகளிலிருந்து எடுத்த சாயம் வெறும் 1.4 கிராம். செபியா மை கணவாயின் மைப்பையிலிருந்து வந்தது. இன்னொரு பக்கம், நீ கும்பிடுகிற ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் அலைப் படம். 1831 வாக்கில் அச்சான அதில் இருப்பது பிரஷ்ய நீலம், பெர்லினில் 1700-களின் தொடக்கத்தில் சிவப்பு தயாரிக்கப் போய்த் தற்செயலாகக் கிடைத்த செயற்கை நிறமி. அதை நீ எந்தப் பட்டியலில் சேர்ப்பாய்? இவை எல்லாம் நீ எனக்குச் சொல்லித்தந்தவைதான். உன்னிடம் கற்றதை வைத்தே உன்னோடு மல்லுக்கு நிற்கிறேன், வேறு யாரிடமும் நான் எதையும் கற்கவில்லை.

விமானத்தைப் பற்றியும் பேசிவிடலாம். நீ பறப்பதில்லை. கப்பல், ரயில், பஸ். நிறையப் பேர் அதற்காகத்தான் உன்னைப் பின்தொடர்கிறார்கள், எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அம்மாவுக்கு முடியாமல் போனபோதும் நீ ரயிலில் வந்தாய். உலகத்தின் கரியமில வாயு வெளியேற்றத்தில் விமானங்களின் பங்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் என்று உன் வாயால்தான் கேட்டிருக்கிறேன். அதில் அந்த ஒரு இருக்கையின் பங்கு எவ்வளவு என்று உன்னிடம் கேட்டதே இல்லை. இதற்குமேல் இங்கே எழுத மாட்டேன். இது படிக்கிறவர்களுக்கு உரிய விஷயமில்லை.

உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒவ்வொன்றும் ஒரு எண்ணில் தொடங்குகிறது. "இன்று 3." "இன்று 7, ஆறு கலக்கிற இடம்." "இன்று 14, வரைய மனமில்லை, பாசி." நலமா என்றுகூட எழுதமாட்டாய். அது தண்ணீரின் நிறத்துக்கு ஃபோரெல், ஊலே என்ற அறிஞர்களில் முன்னவர் தொடங்கிப் பின்னவர் விரித்த அளவுகோல்: 1890-களில் செம்பு சல்பேட், பொட்டாசியம் குரோமேட், கோபால்ட் சல்பேட் கரைசல்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, கருநீலம் முதல் பழுப்பு வரை 21 நிறங்களில் தண்ணீரை அளந்தார்கள். குழாய் எல்லாம் தூக்கித் திரிய முடியாது என்று நீ அதை ஒரு நீள அட்டையில் 21 பட்டைகளாக வரைந்துகொண்டாய். எனக்கும் ஒன்று வரைந்து தந்தாய், நீ எழுதுகிற எண்ணை நானும் பார்த்துக்கொள்ளட்டும் என்று. 3 என்று நீ எழுதினால் நன்றாக இருக்கிறாய் என்று நான் எடுத்துக்கொள்வேன். அது சரியான அளவுகோலா என்று தெரியாது, இத்தனை காலமும் அதை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறேன்.

அந்த அட்டையும் அக்ரிலிக்தான், அக்கா. பட்டியலில் அது இல்லை. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டுவைத்தாயா?

படங்களை வாங்கியவர்களுக்கு: அவை உங்களுடையவை, மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் படங்களைத் தூசி தட்டினால் போதும். அவுரியில் வரைந்தவற்றை வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள். இனி என் கையால் அனுப்பும் ஒவ்வொரு அவுரிப் படத்தின் பின்னாலும் அதை எழுதித்தான் அனுப்புவேன், அக்காவுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். பச்சை அலை விற்பனைக்கு இல்லை. கேட்டு எழுத வேண்டாம்.

உனக்கு: கட்டி அனுப்புகிற வேலையை நான் விடப்போவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். புது மண் வண்ணங்கள் வந்தால் முன்போலவே முதலில் எனக்குக் காட்டு. அழித்தே ஆக வேண்டும் என்று இன்னமும் தோன்றினால், அதை என்னிடம் சொல்லாதே, நீயே வா. கப்பலோ ரயிலோ உன் இஷ்டம். வந்து பச்சை அலைக்கு எதிரே நின்று உன் கையால் செய். என்றைக்கு வருகிறாய் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுது, அன்று நான் வீட்டில் இருப்பேன். தடுக்கத்தான்.

உன் தம்பி