டீச்சர், அந்தப் பியானோவை விற்காதீர்கள்

அன்புள்ள டீச்சருக்கு,

போன வாரம் கப்ஸ் மாதா கோயில் வாசலில் உங்கள் பேத்தியைப் பார்த்தேன். பியானோவுக்கு விலை கேட்டு யாரோ வந்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். நேரில் வந்து பேசினால் காபியைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன், அவள் தன் போனில் படித்துக் காட்டட்டும்.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது, வலது கையில் கடைசி இரண்டு விரலும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, வாசித்துக் காட்ட முடியாதவளுக்கு வகுப்பு எதற்கு என்பது உங்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாட்சிக்கு அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷரைக் கூப்பிடுகிறேன். அவருடைய பிராம்ஸ் கேசட்டை எனக்குப் போட்டுக் காட்டியதே நீங்கள்தான், ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாண்ட் ஆர்கெஸ்ட்ராவோடு அவர் வாசித்தது.

ஃப்ளைஷர் 1928-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சின்னப் பையனாக இருக்கும்போதே பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபெல் அவரைச் சீடனாக ஏற்றுக்கொண்டார். ஷ்னாபெலின் குரு லெஷெடிட்ஸ்கி, அவருக்கு குரு செர்னி, செர்னிக்கு பீத்தோவன். நம் வித்வான்கள் சிஷ்ய பரம்பரை சொல்வார்களே, அப்படி ஒன்று. (அந்தச் செர்னியின் பயிற்சிகளை வைத்துத்தான் என்னைப் படுத்தி எடுத்தீர்கள்.) 16 வயதில் நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு மேடையேறினார், 1952-இல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் முதல் பரிசு, அதை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். அப்புறம் 36 வயது வாக்கில், வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக உள்ளங்கைக்குள் சுருள ஆரம்பித்தன. உங்களுக்கும் அதே இரண்டு விரல். காரணம் வேறு, அது தெரியும், ஆனாலும் படித்தபோது எனக்குத் திக்கென்றது.

ஜார்ஜ் செல்லோடு 1965-இல் போக வேண்டிய சோவியத் கச்சேரிப் பயணம் கைவிட்டுப் போனது. செத்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். தாடி வளர்த்து, முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு வெஸ்பா ஸ்கூட்டர் வாங்கிச் சுற்றியிருக்கிறார், எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். 1982-இல் பால்டிமோரில் ஒரு புதிய அரங்கத் திறப்பில் இரண்டு கையாலும் வாசித்தார். கூட்டம் கொண்டாடியது, அவருக்கு மட்டும் திருப்தியில்லை, மறுபடி ஒதுங்கிக்கொண்டார். மூளைக்கும் விரலுக்கும் நடுவே சமிக்ஞை குழம்பும் டிஸ்டோனியா என்று வியாதிக்குச் சரியான பெயர் கிடைக்கவே பல வருஷமானது. 1990-களின் நடுவில் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டுதான் விரல்கள் ஓரளவு நிமிர்ந்தன. குணமாகவில்லை, அடங்கியது, அவ்வளவுதான்.

எல்லோரும் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு முக்கியம் நடுவில் போன அந்த முப்பது வருஷம். பீபாடி இசைப் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே இருந்தார் மனுஷன். அதற்கு முன்னால், மாணவன் தப்பு செய்தால் அவனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாராம். கை போன பிறகு அது நடக்காது, எல்லாவற்றையும் வார்த்தையில் சொல்லியாக வேண்டும், அதனால்தான் தான் நல்ல ஆசிரியரானதாக அவரே சொல்லியிருக்கிறார்.

நீங்களும் அப்படித்தான் டீச்சர். "தள்ளி உட்காரு" என்று சொல்லி முழங்கையால் இடித்துவிட்டு நீங்களே வாசித்துவிடுவீர்கள், நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன், வீட்டுக்குப் போனால் ஒன்றும் நினைவிருக்காது. வஞ்சிரம் நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டு கட்டோடு உட்கார்ந்திருந்தீர்களே, அந்த ஒரு வாரம்தான் நான் நிஜமாகக் கற்றுக்கொண்டேன். "கோலம் போடுகிறவள் மாவை எறிவாளா? விடுவாள். விரலை அப்படி விடு" என்றீர்கள். இன்றைக்கும் சாவிக்கட்டையில் கை வைத்தால் அதுதான் காதில் கேட்கிறது. நீங்கள் வாசித்துக் காட்டியதில் ஒன்றுகூட இப்படித் தங்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்களே வாசிக்கவும் வழி இல்லாமல் இல்லை. பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு வலது கையில் அடிபட்ட சமயம் பிராம்ஸ் 1877-இல் வயலினுக்காக பாக் எழுதிய ஷகோன் என்ற உருப்படியை இடது கைக்கு மட்டும் மாற்றி எழுதி அனுப்பினார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைனுக்காக ராவெல் இடது கைக்கென்றே, ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் ஒரு முழு கான்செர்டோவே எழுதினார், ஃப்ளைஷரும் அதை வாசித்தே பல வருஷம் ஓட்டினார். அது உங்கள் இஷ்டம், நான் வற்புறுத்தவில்லை.

பியானோவுக்குள் எரியும் அந்தச் சின்ன பல்பை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஐப்பசி மழை வருகிறது, கடல் காற்று வேறு, உள்ளே இருக்கும் கம்பளி ஃபெல்ட் ஊறிக் கட்டைகள் ஒட்டிக்கொண்டால் சென்னையிலிருந்து ட்யூனர் வந்துதான் பிரிக்க வேண்டும், அவர் கேட்கும் தொகை உங்களுக்கே தெரியும். பாச்சை உருண்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை சாயந்திரம் நாலரைக்கு வருகிறேன். செர்னி புத்தகம் இருபது வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது, அட்டை கிழிந்துவிட்டது, எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
விரலை இன்னும் எறிந்துகொண்டிருக்கும் உங்கள் மாணவன்