ஐயருக்கு ஒரு கை கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை வாசலில் முதலில் கேட்கிற பேச்சு, "இன்னிக்குப் பிரசங்கம் ரொம்ப நீளம்" என்பதுதான். அதற்கு முந்தைய இரவு 11 மணிக்கு எங்கள் போதகர் ஐயர், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு சாவு வீட்டில் இருந்தார். சட்டைப் பையில் மடித்த பிரசங்கக் குறிப்பு. அதை எடுக்கவே இல்லை. இறந்த பாட்டியின் பேரன் கையைப் பிடித்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

காலையில் பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கும், மலாய்ப் பள்ளியில் படித்து தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கும் ஒரே பிரசங்கம் புரியவேண்டும். லேசான வேலையா அது?

அந்நாளில் எருசலேம் சபை, பந்தி விசாரிக்க, அதாவது சாப்பாட்டுக் காரியங்களைக் கவனிக்க, 7 பேரைத் தெரிந்தெடுத்து, இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலரை ஜெபத்துக்கும் வசனத்துக்கும் விட்டது (வேதத்தில் அப்போஸ்தலர் 6). நாமோ கூரை ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுகிறோம். மருத்துவமனைக்கு வேன் ஓட்டவும் அவர்தான். கணக்கு, வேன், பழுதுபார்ப்பு எல்லாம் சபையார் எடுத்துக்கொள்ளலாமே. சரி, எல்லாம் முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாளாவது அவரை நிம்மதியாக வேதம் படிக்க விடுங்கள்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்