லிக்விட் கூலர் ஏசி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பேப்பருக்குள் மடித்து வந்த ஒரு கம்ப்யூட்டர் கடை நோட்டீஸில், லிக்விட் கூலிங் போட்டால் ஏசி இல்லாத ரூமிலும் கம்ப்யூட்டர் ஜில்லென்று இருக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நோட்டீஸுக்கு நீங்கள் பொறுப்பில்லை, தெரியும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் விசாரித்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் என்னைப் போலக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள், வைகாசி முகூர்த்தங்கள் குவிகிற நேரத்தில் மெஷின் சூடாகி ரெண்டரிங் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) இழுக்கிறதே என்று கவலையில் இருப்பவர்கள். இவர்கள் முதல்முறையாகக் காசு போட்டு இதை வாங்கப் போகிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஜில். கூலருக்குள் ஓடும் தண்ணீரை எதுவும் ஜில்லாக்குவதில்லை. பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புத் தகட்டில் அது சூட்டை வாங்கிக்கொண்டு, குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், அங்கே ஃபேன் அடிக்கிற ரூம் காற்றிடம் அந்தச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான். ஏசியில் இருப்பது போன்ற கம்ப்ரசரோ கேஸோ இதில் கிடையாது. ரூம் 37 டிகிரி என்றால் தண்ணீர் 37-க்குக் கீழே போகவே போகாது, வேலை நடக்கும்போது அதைவிடச் சில டிகிரி கூடவே இருக்கும். இதில் ஒரு நல்லதும் உண்டு. தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் குழாய் மேல் வேர்த்து மதர்போர்டில் சொட்டாதா என்று கேட்கிறார்கள். சொட்டாது. ரூம் காற்றைவிடக் குளிர்ந்த பொருள் மேல்தான் ஈரம் படியும், இந்தக் குழாய் அப்படிக் குளிர வழியே இல்லை.

அப்புறம் எதற்கு இந்தத் தண்ணீர்? பிராசசரின் சூடு முழுக்க ஒரு தபால் தலை அளவு இடத்திலிருந்து வருகிறது. அதை அங்கிருந்து சட்டென்று அள்ளிக்கொண்டு போய் 240 அல்லது 360 மில்லிமீட்டர் நீளமுள்ள ரேடியேட்டரில் பரப்பி, முடிந்தால் கேபினட்டுக்கு வெளியே தள்ளிவிடுவதுதான் இதன் வேலை. அதற்குத் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஜெர்மனியில் மியூனிக் பக்கம் கார்ஷிங்கில் 2012-ல் ஓட ஆரம்பித்த சூப்பர்எம்யூசி என்ற சூப்பர் கம்ப்யூட்டரை 40 டிகிரி அளவிலான வெந்நீரை விட்டுத்தான் குளிர்வித்தார்கள், அந்தச் சூட்டை வைத்துக் கட்டடத்தையும் கதகதப்பாக்கினார்கள். நமக்குக் கதகதப்பு வேண்டியதில்லை, அதுதான் பிரச்சினை. மெஷின் 400 வாட் இழுத்தால் அந்த 400 வாட் சூடும் ரூமுக்குள்தான் வந்து சேரும், காற்றில் குளிர்வித்தாலும் சரி, தண்ணீரில் குளிர்வித்தாலும் சரி. மொட்டைமாடியில் ஷீட் போட்ட ரூமில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எடிட் செய்கிறவருக்கு எந்தக் கூலரும் உதவாது, காசு இருந்தால் முதலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள்.

யாருக்குத் தேவை என்பதையும் கடைக்காரர்கள் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ரைசன் 5 7600 பிராசசருக்கு 360 லிக்விட் கூலர் கட்டிவிட்டார்கள், உள்ளே விளக்கெல்லாம் மின்னுகிறது. அது 65 வாட் பிராசசர், பெட்டியிலேயே அதற்கு ஒரு ஃபேன் வருகிறது, அந்த ஃபேனின் சத்தம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு மூவாயிரம் ரூபாய்க்கு தண்ணீர் இல்லாமல் உலோகத் தகடுகளும் ஃபேனும் மட்டும் உள்ள ஒரு நல்ல டவர் கூலர் போதும். இன்டெல் கோர் ஐ9-14900கே மாதிரி 253 வாட் வரை இழுக்கும் பிராசசரில் மணிக்கணக்கில் ரெண்டர் ஓடுகிறது என்றால் சரி, 360 வாங்கலாம், அங்கே அது வீண் செலவு இல்லை. இன்னொன்று, ஏஎம்டி கம்பெனியின் 7950எக்ஸ் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டதும் பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022-ல் அந்த வரிசையை வெளியிட்டபோதே, முழு வேலையில் அது 95 வரை போகும்படிதான் வடிவமைத்திருக்கிறோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்த எண்ணைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், முதல் தடவைக்குத் தொழிற்சாலையிலேயே தண்ணீர் நிரப்பி மூடி வருகிற ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) கூலர் போதும். பம்ப், டேங்க், குழாய் எல்லாம் தனித்தனியாக வாங்கிக் கட்டுகிற கஸ்டம் லூப் பார்க்க அழகு, செலவும் பராமரிப்பும் பல மடங்கு. அதில்தான் இறங்குவேன் என்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். பிராசசர் மேல் உட்காரும் செம்பு பிளாக்கோடு மலிவாகக் கிடைக்கிற அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள், ஒரே தண்ணீரில் இரண்டு உலோகமும் நின்றால் அலுமினியம் அரிக்க ஆரம்பித்துவிடும், ஆகவே ரேடியேட்டரும் செம்போ பித்தளையோதான். ஏஐஓக்களில் செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் சேர்ந்துதானே வருகிறது என்று கேட்டால், அதற்குள் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்தும் காற்றுப் புகாத மூடலும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. இரண்டாவது, தண்ணீர். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படிந்து பிளாக்கின் முடி போன்ற சந்துகள் அடைத்துக்கொள்ளும். கேன் தண்ணீரும் சுத்தத் தண்ணீர் இல்லை, குடிக்கத்தான் நல்லது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினாலும் அரிப்புக்கும் பாசிக்கும் மருந்து சேர்க்க வேண்டும், அந்தத் தலைவலிக்குப் பதில் கலந்து விற்கிற கூலன்டையே வாங்கிவிடலாம்.

கஸ்டம் லூப் என்றால் கசிவுச் சோதனையையும் கடைக்காரர் அவசரத்துக்கு விட்டுவிடக் கூடாது. மெஷினுக்குக் கரன்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் பிளக்கில் செருகி அதை மட்டும் ஓட வைக்கிற ஜம்பர் தனியாகவே கிடைக்கிறது, அதைப் போட்டு, போர்டு, கார்டு எதற்கும் கரன்ட் போகாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு நாள் பார்க்க வேண்டும். பம்ப் ஒருபோதும் காய்ந்து ஓடக் கூடாது, நிரப்பும்போது சில நொடி ஓட்டி, நிறுத்தி, டேங்கில் குறைந்ததை ஊற்றி, மறுபடி ஓட்டி என்றுதான் காற்றை வெளியேற்ற முடியும்.

ஏஐஓ மாட்டுவதில் நான் அதிகம் பார்க்கிற கோளாறு காற்றுக் குமிழிதான். மூடி வந்த கூலரிலும் கொஞ்சம் காற்று இருக்கும், அதுவும் ரப்பர் குழாயின் சுவர் வழியாகத் தண்ணீர் மெல்ல ஆவியாகிப் போவதால் வருஷம் போகப் போக அது கூடும். காற்று எப்போதும் உயரமான இடத்தில் போய்த்தான் நிற்கும். அந்த உயரமான இடம் ரேடியேட்டராக இருந்தால் தொல்லை இல்லை, பம்பாக இருந்தால் கடகடவென்று சத்தம், பிறகு சூடு, கடைசியில் பம்பே போய்விடும். பெரும்பாலான ஏஐஓக்களில் பம்ப் பிராசசர் மேலேயே இருப்பதால், ரேடியேட்டரைக் கேபினட்டின் கூரையில் மாட்டுவது உத்தமம். கூரையில் இடமில்லை என்றால் முன்பக்கம் மாட்டலாம், அப்போதும் ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், குழாய்கள் கீழ்ப்பக்கம் வருமாறு வைத்தால் இன்னும் நல்லது. கேபினட்டின் அடியில் மாட்டித் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். வாங்குவதற்கு முன்பே டேப் வைத்து அளந்து பாருங்கள், 360 ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்து கூரையில் உட்காருமா, உயரமான ரேம் இடிக்குமா என்று.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள், ஆனால் கடையில் பையன்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இவைதான். தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று பாருங்கள். ஃபேனை மாட்ட, கூடவே வந்த ஸ்க்ரூக்களைத் தவிர வேறு நீளமான ஸ்க்ரூ போட்டால் ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் குழாயில் ஓட்டை விழுந்துவிடும். பம்ப் ஒயர் போர்டில் பம்புக்கென்று உள்ள இடத்தில் செருகி முழு வேகத்தில் ஓட வேண்டும், சிபியு ஃபேன் என்று எழுதிய இடம் காலியாக இருந்தால் பல போர்டுகள் எரர் காட்டி நின்றுவிடும் என்பதால் ரேடியேட்டர் ஃபேனை அங்கே கொடுத்துவிடலாம். தூசியை மறக்க வேண்டாம், நம் ஊர்த் தெருப்புழுதிக்கு ரேடியேட்டர் இடுக்குகள் சில மாதங்களிலேயே அடைத்துக்கொள்ளும், ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தால் போதும்.

கசிவு அபூர்வம், இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆப்பிள் 2004-ல் தண்ணீர் வைத்து விற்ற பவர் மேக் ஜி5-லேயே பின்னாளில் கசிந்து உள்ளே பாழாக்கிய கதைகள் உண்டு. இப்போது பல நல்ல ஏஐஓக்களுக்கு 5, 6 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் கசிந்து, லட்ச ரூபாய் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து போனால் யார் கொடுப்பார்கள்? கூலரை மட்டும் மாற்றித் தருவார்களா, கார்டுக்கும் பொறுப்பா, எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், இந்த மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டோம் என்கிற கடையில் பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் கொடுத்து லிக்விட் கூலர் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வாரம் தவறாமல் புது செல்போன் வருகிறது. ஒரு வாரம் அதை விட்டுவிட்டு, உங்கள் நிருபரைச் சில கடைகளுக்கு அனுப்பி இந்தக் கேள்விகளைக் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை அப்படியே அச்சிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும். அதுவும் சித்திரை பிறப்பதற்குள்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர்,
மதுரை