மெயின் லைன் குளிர்ந்திருக்கும்போது

அன்பு மகளுக்கு,

நீராவியைப் பிடித்து வைத்து, சேரும் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ட்ராப்புக்கு நீ அனுப்பிய அளவுக் கணக்கைப் பார்த்தேன். நீராவியால் சூடேற்றும் தொட்டிக்குப் போட்டது சரி. 1,000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80-க்கு ஏற்ற ஏறக்குறைய 2,09,000 கிலோஜூல் வேண்டும். 3 பார் கேஜில் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 3 பார்) நீராவியின் உள்ளுறை வெப்பம், அதாவது அது தண்ணீராகும்போது விடும் வெப்பம், கிலோவுக்குச் சுமார் 2,133 கிலோஜூல். வகுத்தால் 98 கிலோ கண்டென்சேட், அதாவது நீராவி குளிர்ந்து உண்டாகும் தண்ணீர். ஒரு மணி நேரம் என்றால் இதுதான் வேகம். அரை மணியில் சூடேற்றச் சொன்னால் மணிக்கு 196. அதுவும் சராசரிதான் அம்மா, தண்ணீர் குளிர்ந்திருக்கும் தொடக்கத்தில் இன்னும் அதிகமாக இறங்கும்.

என் கவலை நீராவி கொண்டுவரும் மெயின் லைன் பற்றியது. லேகிங் (குழாயைச் சுற்றிய வெப்பக் காப்பு) வழியே போகும் வெப்பத்தை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறாய். குளிர்ந்த இரும்பு எவ்வளவு நீராவியைக் குடிக்கும் என்று பார். 100 மி.மீ. ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை) குழாய் மீட்டருக்கு 16 கிலோ. 100 மீட்டருக்கு 1,600 கிலோ. அதை 30-லிருந்து 170 டிகிரிக்கு, அதாவது 7 பார் கேஜில் நீராவியின் வெப்பநிலைக்கு, கொண்டுவர 1,600 × 0.49 (இரும்பின் தன்வெப்பம்) × 140, கிட்டத்தட்ட 1,10,000 கிலோஜூல். அந்த அழுத்தத்தின் உள்ளுறை வெப்பமான 2,048-ஆல் வகுத்தால் 54 கிலோ தண்ணீர். அரை மணியில் சூடேற்றினால் மணிக்கு 108 கிலோ. ஃப்ளாஞ்சும் வால்வும் இதில் சேரவில்லை.

அந்த நேரத்தில்தான் லைனில் அழுத்தமும் குறைவு. தண்ணீர் மிக அதிகமாக வரும்போது அதைத் தள்ளும் விசை மிகக் குறைவாக இருக்கும். முழு அழுத்தத்துக்குக் கேட்லாக்கில் போட்டிருக்கும் கொள்ளளவை நம்பி ட்ராப் வாங்காதே. வெளியேறாத தண்ணீரை நீராவி வாரிக்கொண்டு போய் வளைவில் மோதினால் வால்வு உடல் பிளக்கும், பக்கத்தில் நிற்பவர் வெந்துபோவார். இந்த மோதலை, அதாவது வாட்டர் ஹாமரை, வெறும் சத்தம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. டிரிப் லெக்கில் (தண்ணீர் சேர மெயின் லைனின் அடியில் இறங்கும் குழாய்த் துண்டு) கையால் திறக்கும் டிரெயின் வால்வு கட்டாயம் இருக்கட்டும். மெயின் வால்வை மெதுவாகத் திறக்கச் சொல்.

கண்டென்சேட்டைத் திருப்பிக் கொண்டுபோகும் ரிட்டர்ன் லைனையும் தண்ணீர்க் குழாயாக நினைத்து அளவு போடாதே. 7 பாரிலிருந்து வளிமண்டல அழுத்தத்துக்கு இறங்கும்போது சுமார் 13 சதவீதம் மறுபடி நீராவியாக, அதாவது ஃப்ளாஷ் ஸ்டீமாக, மாறிவிடும். 100 கிலோவில் அந்த 13 கிலோ மட்டும் 22 கன மீட்டர் இடம் பிடிக்கும். மீதித் தண்ணீருக்கு 0.1 கன மீட்டர்கூட வேண்டாம்.

ஆர்டர் போகும் முன் ஒவ்வொரு டிரிப் லெக்குக்கும் இடையே உள்ள தூரத்தை எழுதி அனுப்பு. சேர்ந்து இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா